ஓட்ஸ்: விளைவது ஒரு மண், அரைபடுவது ஒரு மண்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சீடார் ராப்பிட்ஸ் என்ற ஊரின் ஆற்றங்கரையில் குவேக்கர் நிறுவனத்தின் ஓட்ஸ் ஆலை நிற்கிறது. 1873-ல் ராபர்ட் ஸ்டூவர்ட், ஜார்ஜ் டக்ளஸ் என்ற இருவர் அங்கே ஓட்ஸ் அரைக்கத் தொடங்கினார்கள். சுற்றுவட்டாரம் முழுக்க ஓட்ஸ் விளைந்த காலம் அது. விளைகிற இடத்தில் ஆலை வைத்தார்கள். இன்று அது உலகின் மிகப் பெரிய தானிய ஆலைகளில் ஒன்று. ஆனால் அதற்கு வேண்டிய ஓட்ஸில் பெரும்பகுதி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, கனடாவின் புல்வெளி மாகாணங்களில் இருந்து, ரயிலேறி வருகிறது. ஆலையைச் சுற்றியிருக்கும் கருமண்ணில் கண்ணுக்கு எட்டியவரை மக்காச்சோளமும் சோயாவும்தான்.

வடக்கே சஸ்காட்சுவான் மாகாணத்தில் நிலைமை நேர்மாறு. உலகில் மிக அதிகமாக ஓட்ஸ் ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. அந்த நாட்டு விளைச்சலில் ஏறக்குறையப் பாதியை சஸ்காட்சுவான் தருகிறது. ஒரே பயிர் ஒரு மண்ணில் காசாகிறது, இன்னொரு மண்ணில் ஆகவில்லை. தட்பவெப்பம்தான் காரணம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது பாதி உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ள, அறுவடைக்கு முந்தைய இரண்டு வாரங்களையும் உழவரின் கணக்கு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பயிரின் குணம். ஓட்ஸ் கதிர் கோதுமைக் கதிரைப் போல நெருக்கிக் கட்டியதாக இருக்காது. சாமைக் கதிர் மாதிரி கிளைவிட்டுத் தொங்கும். முற்றுவதும் ஒரே சீராக இல்லை. நுனியில் இருக்கும் மணி முதலில் பழுக்கும், அடிக்கிளை மணி பல நாள் கழித்துத்தான் பழுக்கும். நுனி காய்ந்து உதிரத் தயாராக இருக்கும்போது அடி பால்பிடித்த பச்சையாகவே இருக்கும். நுனிமணிதான் கனமானது, விலை போவது. அடிமணிக்காகக் காத்திருந்தால் நுனிமணி மண்ணுக்குப் போகிறது. நுனிமணிக்காக அவசரப்பட்டால் பச்சை மணி கலந்து கிடங்கில் சூடேறுகிறது. ஓட்ஸ் அறுவடையின் தொல்லை எல்லாம் இந்த ஒரு குணத்திலிருந்து கிளைத்தவைதான்.

இதற்குப் புல்வெளி உழவர்கள் கண்ட வழி, நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல: அறுத்து அரி போடுவது. இயந்திரம் பயிரை அறுத்துத் தாளின் மேலேயே நீளவரிசையாகக் கிடத்திவிடும். ஒரு வாரம், பத்து நாள் காய்ந்தபின் கதிரடிக்கும் இயந்திரம் வந்து அந்த அரியை வாரி எடுத்து அடிக்கும். எப்போது அறுக்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. மணியின் ஈரம் சுமார் 35 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். கதிரிலேயே மிகப் பச்சையான மணி, பச்சை மாறி வெளிர்மஞ்சளுக்குத் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் அறுத்தால் மணி வற்றிக் கருக்காயாகிவிடும். அடித்தாளை ஒரு சாணுக்குக் குறையாமல் விட்டு அறுப்பதும் முக்கியம். அரி தரையில் படாமல் தாளின் மேல் மிதந்தால்தான் அடியில் காற்றோடும். மழை பெய்தாலும் சீக்கிரம் உலரும்.

இன்னொரு வழி நேரடி அறுவடை. பயிரை நின்ற நிலையிலேயே காயவிட்டு, ஈரம் 13, 14 சதவீதத்துக்கு வந்ததும் ஒரே ஓட்டத்தில் அறுத்து அடித்துவிடுவது. ஒரு இயந்திர ஓட்டம் மிச்சம், டீசலும் மிச்சம். ஆனால் அதுவரை பயிர் நிற்க வேண்டும். நல்ல காற்று ஒன்று வீசினால் முற்றிய கதிர்கள் ஒன்றோடொன்று உரசி மணி கொட்டிவிடும். தண்டு உறுதியான, குட்டையான புதிய ரகங்கள் வந்தபின் சஸ்காட்சுவானில் நேரடி அறுவடை செய்கிறவர்கள் பெருகினார்கள். ஆனாலும் அரி போடும் இயந்திரத்தை விற்றுவிட பலருக்கு மனம் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதற்குக் காரணம் உறைபனி. சஸ்காட்சுவானில் மே மாதம் விதைத்தால் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ அறுவடை. இரவு வெப்பம் பூஜ்யத்துக்கு இறங்கும் காலம் அது. முற்றாத பயிரில் உறைபனி விழுந்தால் மணி நிறைவதே நின்றுபோகும். எடை குறையும், நிறம் கெடும். அரி போட்டவர் அந்தப் பயத்திலிருந்து ஓரளவு தப்பிக்கிறார். அவருக்கு வேறு பயம் இருக்கிறது. அரியாகக் கிடக்கும்போது ஒரு வாரம் விடாமல் மழை பிடித்துக்கொண்டால் மணி கறுக்கும், சில நேரம் முளைக்கும். அடிமாட்டு விலைக்கு வாங்குகிற தீவனக்காரருக்கு நிறம் ஒரு பொருட்டல்ல. மனிதர் தின்னும் ஓட்ஸ் அரைக்கும் ஆலைக்கோ வெள்ளை வெளேரென்ற கனமான மணி வேண்டும். இந்த இரண்டு விலைக்கும் நடுவில்தான் சஸ்காட்சுவான் உழவரின் லாபம் தொங்குகிறது.

உழவர் மெனக்கெடுவது ஆலைவிலைக்காகத்தான். ஓட்ஸ் அடித்த பிறகும் உமியோடுதான் இருக்கும். மொத்த எடையில் கால் பங்குக்கு மேல் உமியே போய்விடும். மணி ஒல்லியாக இருந்தால் உமியின் பங்கு இன்னும் கூடும். அதனால் ஆலைகள் ஒரு புஷல் கொள்ளளவில் எத்தனை எடை நிற்கிறது என்று பார்க்கின்றன. அமெரிக்கச் சந்தையில் ஓட்ஸ் ஒரு புஷல் என்றால் சட்டப்படி 32 பவுண்டு, அதாவது 14.5 கிலோ. ஆலைக்காரர் அதோடு திருப்தி அடைவதில்லை. 36, 38 பவுண்டு நின்றால்தான் முகம் மலர்வார். அறுவடை இயந்திரத்தை ஓட்டுகிறவர் கையிலும் இந்த எடை இருக்கிறது. காற்றாடியைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் சாவியும் கருக்காயும் பறந்துபோய்த் தொட்டியில் விழுவது கனமான மணியாக இருக்கும். கூடுதலாக வைத்தால் நல்ல மணியும் வயலுக்குப் பறக்கும். ஓட்ஸ் கோதுமையைவிட லேசானது. உருளையைக் கடுமையாக ஓட்டினால் உமி கழன்று உள்ளரிசி வெளியே வந்துவிடும். நெல்லாக இருந்தால் யாரும் கவலைப்படமாட்டார்கள். ஓட்ஸ் அரிசியில் கொழுப்பு அதிகம். உமி கழன்ற மணியில் அந்தக் கொழுப்பை நொதிகள் சிதைக்கத் தொடங்கிவிடும், சீக்கிரத்தில் சிக்கு வாடை அடிக்கும். ஆவியிலும் சூட்டிலும் காட்டி அந்த நொதிகளை அடக்குவது ஆலையில் நடக்கிற வேலை. அதற்கு முன் உமியே காவல். (இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு வரும் அரிப்பைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. ஓட்ஸ் தூசியின் நுண்மயிர்கள் சட்டைக்குள் போனால் அன்றைக்கு இரண்டு முறை குளித்தாலும் தீராது.)

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின் சங்கதியும் ஆலை வாசலில்தான் வந்து நிற்கிறது. அரி போடாமலே பயிரைச் சீராகக் காயவைக்க, மணியின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் கிளைபோசேட் தெளிப்பது கனடாவில் அனுமதிக்கப்பட்ட முறை. அறுவடை எளிதாகும், களையும் சாகும். 2015-ல் கிரெயின் மில்லர்ஸ் என்ற ஆலை நிறுவனம், அறுவடைக்கு முன் கிளைபோசேட் தெளித்தது தெரிந்தால் அந்த ஓட்ஸை வாங்கமாட்டோம் என்று அறிவித்தது. சட்டம் அனுமதித்ததை ஆலை மறுத்தது. உழவருக்கு வேலையை எளிதாக்கிய ஒரு கருவி, அவருடைய வாடிக்கையாளர் ஒருவரின் ஒரு வரி அறிவிப்பில் பயனற்றுப்போனது. அரி போடும் இயந்திரத்தை விற்காமல் வைத்திருந்தவர்கள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

இப்போது தெற்கே இறங்குவோம். அயோவாவில் மார்ச் கடைசி, ஏப்ரல் முதலில் விதைத்து ஜூலை நடுவிலேயே அறுவடை. அங்கே உறைபனி பகையல்ல, வெயில்தான் பகை. ஓட்ஸ் குளிர்ப்பயிர், மணி நிறைகிற ஜூன் மாதத்தில் வெயில் ஏறினால் மணி ஒல்லியாகும், புஷல் எடை இறங்கும். அதனால்தான் மண் கொஞ்சம் இறுகியதுமே, சேறு இயந்திரத்தைத் தாங்கினால் போதும் என்று விதைத்துவிடப் பார்க்கிறார்கள். ஈரக்காற்றில் துரு நோய் பரவும். இந்தத் துருவின் பூஞ்சை தன் வாழ்வின் ஒரு பகுதியை பக்தார்ன் என்ற புதர்ச்செடியில் கழிக்கிறது. வேலிக்காகவும் காற்றுத்தடுப்புக்காகவும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட செடி அது. நோயை வேலியாகக் கட்டிக்கொண்ட கதை.

துருவை வெல்லப் போய் அயோவா பட்ட அடி, பயிர் நோயியல் மாணவர்கள் எல்லோரும் படிப்பது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த விக்டோரியா என்ற ரகத்தில் துரு தாங்கும் குணம் இருந்தது. அதைக் கலந்து உருவாக்கிய ரகங்கள் 1940-களின் நடுவில் அயோவாவின் ஓட்ஸ் பரப்பை ஏறத்தாழ முழுதும் பிடித்துக்கொண்டன. அடுத்த ஆண்டுகளில், அதுவரை யாரும் அறியாத ஒரு பூஞ்சை கிளம்பி அதே ரகங்களை மட்டும் தேடித் தேடி அடித்தது. தண்டின் அடி அழுகிப் பயிர் சாய்ந்தது. 1946-ல் ஃபிரான்சஸ் மீஹன், எச். சி. மர்ஃபி என்ற இரு ஆய்வாளர்கள் அந்த நோயை அடையாளம் கண்டு எழுதினார்கள். துருவைத் தடுத்த மரபுக்கூறும் புதிய நோய்க்கு வாசல் திறந்ததும் ஒன்றேதான் என்று பிறகு தெரிந்தது.

அந்த அடியிலிருந்து அயோவா எழுந்துவிட்டது. 1950-களின் தொடக்கத்தில் அந்த மாநிலத்தில் 60 லட்சம் ஏக்கருக்கு மேல் ஓட்ஸ் இருந்தது. இன்று அதில் மிகச் சிறு பங்குதான் மிச்சம். அதிலும் நிறையப் பசுந்தீவனமாகவே அறுபடுகிறது. நோயோ வெயிலோ அதைச் சாய்க்கவில்லை. குதிரை போனது, டிராக்டர் வந்தது; ஓட்ஸ் தின்ன ஆளில்லாமல் போனது. முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் குதிரையும் கோவேறு கழுதையுமாக இரண்டரைக் கோடிக்கு மேல் இருந்தன. அத்தனையும் ஓட்ஸில் ஓடிய எந்திரங்கள். பிறகு சோயா வந்தது, செயற்கைத் தழைச்சத்து மலிந்தது, மாடுகள் பண்ணையை விட்டுப் பெரிய பட்டிகளுக்குப் போயின. ஓட்ஸ் வாங்குகிற கொள்முதல் கிடங்குகளும் ஒவ்வொன்றாக மூடின. மக்காச்சோளத்தைக் கூப்பிடு தூரத்தில் விற்கலாம். ஓட்ஸ் விற்க ஒரு நாள் லாரி ஓட்ட வேண்டும் என்ற நிலை வந்தது.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். 2023-ல் அயோவாவில் விளைநிலக் குத்தகை சராசரி ஏக்கருக்கு 279 டாலர். ஓட்ஸ் 75 புஷல் விளைந்து புஷலுக்கு 4 டாலர் கிடைத்தால் 300 டாலர். குத்தகை போக மிச்சமிருப்பதில் விதை, உரம், அறுவடைக் கூலி எதுவும் கட்டுப்படியாகாது. அதே நிலத்தில் மக்காச்சோளம் 200 புஷல் விளையும். வைக்கோலை மாட்டுப் படுக்கைக்கு விற்றால் கொஞ்சம் கை கொடுக்கும். சில பண்ணைகளில் மணியைவிட வைக்கோலை நம்பித்தான் ஓட்ஸே விதைக்கிறார்கள். இருந்தும், அந்த ஒரு வருடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அயோவாவில் ஓட்ஸ் நட்டப்பயிர்தான்.

ஒரு வருடத்தோடு நோட்டை மூடுவதுதான் தவறு என்று சொல்கிறவர்கள் அந்த மாநிலத்திலேயே இருக்கிறார்கள். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் பூன் கவுன்டியில் உள்ள மார்ஸ்டன் பண்ணையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சோதனை நடத்தி வருகிறார்கள். மாட் லீப்மன் அதன் முன்னோடி. ஒரு பக்கம் வழக்கமான மக்காச்சோளம், சோயா என்ற இரண்டாண்டுச் சுழற்சி. இன்னொரு பக்கம் அவற்றோடு ஓட்ஸும் சிவப்பு குளோவர் என்ற பயறுவகைத் தீவனப்பயிரும் சேர்ந்த மூன்றாண்டு. அடுத்தது ஓட்ஸோடு குதிரைமசால் விதைத்து மறு ஆண்டும் அதையே நிறுத்தும் நான்காண்டு. 2012-ல் வெளியான அவர்கள் ஆய்வு, நீண்ட சுழற்சியில் தழைச்சத்து உரமும் களைக்கொல்லியும் பெருமளவு குறைந்தும் லாபம் குறையவில்லை என்று காட்டியது. ஓட்ஸ் தன் நட்டத்தை அடுத்த ஆண்டு மக்காச்சோளத்தின் வரவில் ஈடுகட்டிவிட்டுப் போகிறது. உழைப்பு கூடும், அதையும் அவர்கள் மறைக்கவில்லை.

ஆனால் இந்த லாபத்தைத் தருகிற அதே ஏற்பாடு அறுவடையைச் சிக்கலாக்குகிறது. ஓட்ஸுக்கு அடியில் குளோவரோ குதிரைமசாலோ வளர்ந்துகொண்டிருக்கிறது. ஜூலையில் நல்ல மழை பெய்தால் அது ஓட்ஸின் இடுப்புயரத்துக்கு ஏறிவிடும். நேரடியாக அறுத்தால் அந்தப் பச்சைச் சாறு இயந்திரத்துக்குள் பிசுபிசுத்து மணியை ஈரமாக்கும், சல்லடை அடைத்துக்கொள்ளும். அதனால் அங்கேயும் அரி போட வேண்டியிருக்கிறது. சஸ்காட்சுவானில் உறைபனிக்குப் பயந்து அரி போடுகிறார்கள். அயோவாவில் தாங்களே விதைத்த பச்சையைக் காயவைக்க அரி போடுகிறார்கள். செயல் ஒன்றுதான், கணக்கு வேறு. முன்னவர் ஆலை தரும் விலையைக் காப்பாற்ற அறுக்கிறார். பின்னவர் அடுத்த ஆண்டு பயிரைக் காப்பாற்ற அறுக்கிறார். பின்னவருக்குப் பகலும் குறைவு: ஈரக்காற்று ஊரில் காலைப் பனி உலர்ந்து தாள் முறுகுவதற்கே நண்பகலாகிவிடும்.

தழைச்சத்து பற்றியும் இரு இடத்திலும் ஒரே எச்சரிக்கை. கூடினால் பயிர் உயரமாகிச் சாயும். சாய்ந்த ஓட்ஸைத் தரையோடு தரையாக அறுக்க வேண்டும், மண்ணும் கல்லும் சேர்ந்து வரும். சாணிபோட்ட அயோவா வயல்களில் இது அடிக்கடி நடக்கும். சஸ்காட்சுவானில் அதைவிடப் பெரிய தலைவலி காட்டு ஓட்ஸ். பயிரும் களையும் ஒரே பேரினம். ஒன்றை விட்டு இன்னொன்றைக் கொல்லும் மருந்து ஓட்ஸ் வயலுக்கு இல்லை. அதனால் காட்டு ஓட்ஸ் அதிகமுள்ள வயலில் அந்த ஆண்டு ஓட்ஸையே விதைக்காமல் இருப்பதுதான் அனுபவசாலிகளின் வழி.

சஸ்காட்சுவான் பக்கத்தின் பலம் மண்ணில் மட்டும் இல்லை. 1989 வரை கனடாவின் ஓட்ஸ் வணிகம் கோதுமை வாரியத்தின் கையில் இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஓட்ஸ் அதிலிருந்து விடுவிக்கப்பட்டது. அப்போது எதிர்த்தவர்கள் நிறைய. பிறகு ஆலைகள் உழவரோடு நேராக ஒப்பந்தம் போடத் தொடங்கின; யார்க்டன் போன்ற ஊர்களில் வயலுக்குப் பக்கத்திலேயே ஆலைகள் வளர்ந்தன. 1997-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஓட்ஸின் கரையும் நார்ச்சத்து இதயத்துக்கு நல்லது என்று பெட்டியில் அச்சிட அனுமதித்ததும் தேவை உறுதிப்பட்டது. சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தின் பயிர் மேம்பாட்டு மையம் ஆலைக்கு ஏற்ற ரகங்களைத் தொடர்ந்து கொண்டுவந்தது. அயோவாவில் மக்காச்சோளத்துக்கு நடந்ததெல்லாம் இங்கே சிறிய அளவில் ஓட்ஸுக்கு நடந்தது என்று சொல்லலாம்.

அதற்காக சஸ்காட்சுவான் உழவர் ஓட்ஸை மடியில் வைத்துத் தாலாட்டுகிறார் என்று எண்ண வேண்டாம். அங்கே செல்லப்பிள்ளை கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிர். வசந்தத்தில் கனோலாவும் கோதுமையும் விதைத்து முடித்தபின் ஓட்ஸ் என்று தள்ளிவைப்பது பழைய வழக்கம். தாமதமாக விதைத்தால் விளைச்சலும் எடையும் குறையும், துருவும் தாக்கும், அறுவடை உறைபனிக் காலத்துக்குள் போகும் என்று விரிவாக்கப் பணியாளர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அறுவடையிலும் கனோலாவுக்கே முதல் முறை கிடைக்கும். அதற்குள் ஓட்ஸ் காற்றில் கொட்டும். செலவு குறைந்த பயிர் என்ற பெயரே ஓட்ஸுக்கு எமனாகிறது. அயோவாவில் ஓட்ஸ் போடுகிற சிலர் விதைப்பிலும் அறுவடையிலும் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பதை நினைத்தால் வேடிக்கைதான்: லாபம் குறைந்த இடத்தில் கவனம் கூடுதல்.

அப்படிப் போடுகிற அயோவாக்காரர்களில் பலர் இயற்கை வேளாண் சான்று பெற்றவர்கள். அந்தச் சான்றுக்குப் பயிர்ச்சுழற்சி கட்டாயம். சான்று பெற்ற ஓட்ஸுக்கு விலையும் கூடுதல். அயோவாவின் வடபகுதியில் செயின்ட் ஆன்ஸ்கரில் கிரெயின் மில்லர்ஸ் ஆலை இருப்பது அவர்களுக்கு ஒரு பிடி. அதே நிறுவனம் சஸ்காட்சுவானின் யார்க்டனிலும் ஆலை நடத்துகிறது. எல்லைக்கு இரு பக்கமும் ஒரே ஆள் தராசு பிடித்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2021-ல் புல்வெளி மாகாணங்களில் கடும் வறட்சி. முந்தைய ஆண்டு 45 லட்சம் டன்னாக இருந்த கனடாவின் ஓட்ஸ் விளைச்சல் 30 லட்சத்துக்கும் கீழே சரிந்தது. ஆண்டு முடிவதற்குள் சிகாகோ சந்தையில் ஓட்ஸ் புஷலுக்கு 7 டாலரைத் தாண்டியது. அயோவா திரும்பவும் ஓட்ஸுக்கு வரும் என்று எழுதியவர்கள் உண்டு. மக்காச்சோளமும் அப்போது விலை ஏறித்தான் இருந்தது. அதோடு, ஓட்ஸை விட்டு நாற்பது வருடமான பண்ணையில் அரி போடும் இயந்திரம் இல்லை, அரியை வாரும் முகப்பு இல்லை, ஓட்ஸை வாங்கும் கிடங்கும் பக்கத்தில் இல்லை. ஒரு வருட விலைக்காக இத்தனையையும் புதிதாக வாங்க யாரும் துணியவில்லை. மறு ஆண்டு மழை பெய்தது, கனடா 50 லட்சம் டன்னுக்கு மேல் அறுத்தது, விலை இறங்கியது. அதற்கடுத்த ஆண்டு கனடா உழவர்களே ஓட்ஸ் பரப்பைப் பெருமளவு குறைத்துக்கொண்டு கனோலாவுக்கும் கோதுமைக்கும் போனார்கள்; 2023-ல் விளைச்சல் மறுபடி பாதியளவுக்கு இறங்கியது. சீடார் ராப்பிட்ஸுக்கு ரயில் பெட்டிகள் வருவது மட்டும் நிற்கவில்லை.